காசுக்கு வரையாத கோடை: விளையாட்டாக என்ன வரைந்தீர்கள்?

மைக்கூடு (ரோஸ் ஹில், மொரீசியஸ்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். புத்தகத்துக்கும் பெட்டி லேபிளுக்கும் படம் வரைவதுதான் என் பிழைப்பு. இங்கே நவம்பரில் கோடை தொடங்கிப் பள்ளி விட்டதும் எனக்கு வேலை வற்றிவிடும், அப்புறம் தைப்பூசக் காவடி முடிகிறவரை பெரிதாக யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்தக் கோடையில் அந்த இடைவெளியை எனக்கே எனக்கென்று எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்காத படமாக இருக்க வேண்டும், யாருக்கும் அனுப்பத் தேவையில்லாததாக இருக்க வேண்டும், அலுத்துப்போனால் பாதியில் விட்டுவிட முடிய வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. என்னென்ன வந்தது என்று எழுதுகிறேன், நீங்களும் உங்களுடையதை எழுதுங்கள்.

முதலில் தபால்தலை. அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு போர்ட் லூயி கோடானில் இருக்கும் புளூ பென்னி அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1847இல் இங்கே அச்சான ஒரு பென்னி, இரண்டு பென்னி தபால்தலைகள் அங்கே இருக்கின்றன. நிறம் வெளிறிவிடக் கூடாது என்று இருட்டிலேயே வைத்திருக்கிறார்கள், குறித்த நேரத்தில் கொஞ்ச நேரம்தான் விளக்குப் போடுவார்கள். ஜோசப் ஆஸ்மண்ட் பர்னார்ட் என்பவர் ஒரே ஒரு சின்னச் செப்புத் தகட்டில் இரண்டையும் தலைகீழ்ப் பிம்பமாகச் செதுக்கி, விக்டோரியா ராணியின் கழுத்துக்குக் கீழே தன் பெயரின் முதல் எழுத்துகளையும் நுணுக்கி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் 500தான் அச்சிட்டார்கள். உலகம் முழுக்கப் பேசப்படுகிற ஒரு பொருள் என் கட்டை விரலுக்கு அடியில் மறைந்துவிடும் அளவுதான் என்பதை நேரில் பார்த்தபோது மனதில் ஏதோ திறந்துகொண்டது.

வீட்டுக்கு வந்து எங்கள் தெருவுக்குத் தபால்தலை வெட்ட ஆரம்பித்தேன். தபால் துறை ஒருநாளும் வெளியிடாத தலைகள்: தோல் பூரி என்கிற பருப்பு ரொட்டி விற்பவரின் தகரப் பெட்டி, எதிர்வீட்டுக் கொடியில் காயும் பள்ளிச் சீருடை, சாய்ந்த மின்கம்பம், அலூடா என்கிற பால் பானம் குடித்த கண்ணாடி டம்ளர். எல்லாம் அழிரப்பரில் வெட்டியது. மென்மையான பென்சிலால் டிரேசிங் தாளில் வரைந்து, அதைக் கவிழ்த்து ரப்பர் மேல் வைத்து நகத்தால் தேய்த்தால் கோடு இறங்கிவிடும், இடவலமும் தானாகவே மாறிவிடும். வெட்டும்போது கத்தியைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் கோட்டின் அடிப்பாகம் அகலமாக நிற்கும். நேராக இறக்கினால் மெல்லிய கோடெல்லாம் அழுத்தும்போது மடங்கிப்போகும்.

இரண்டாவது, காவடி ரோசா. எங்கள் ஊர்க் காவடியை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊர்வலமே அந்தப் பளிச்சென்ற ரோசாவில்தான் நகரும். அந்த நிறத்தைத் தாளில் பிடிக்கவே பக்கம் பக்கமாகப் பூசிப் பார்த்தேன். ஓபரா ரோஸ் என்று விற்கிற சாயம் பூசிய அன்று அப்படியே கண்ணைப் பறிக்கும், ஆனால் வெயில் பட்டால் சீக்கிரம் வெளிறிவிடும். குவினாக்ரிடோன் மெஜந்தா நிலைத்து நிற்கும், ஆனால் அந்தத் துள்ளல் இல்லை. கடைசியில் பக்கத்தில் மயிற்பீலிப் பச்சையையும் எலுமிச்சை மஞ்சளையும் வைத்தால் மெஜந்தாவே எழுந்து வருகிறது என்று கண்டுகொண்டேன். நிறம் அதற்குள் மட்டும் இல்லை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. இது கல்லூரிப் பாடத்தில் படித்ததுதான், ஆனால் கை இப்போதுதான் நம்பியது.

மூன்றாவது ஏழு கறி. அதைப் பிறகு எழுதுகிறேன், நீளமாகிவிட்டது.

நீலக்கம்பி (டர்பன், தென்னாப்பிரிக்கா) எழுதியது:

அக்கா, படித்ததும் எழுந்துபோய் அழிரப்பர் தேடினேன்! இங்கேயும் கோடைதான், டிசம்பர் முழுக்கப் புழுக்கம்.

என் விளையாட்டு இந்த முறை தொலைபேசிக் கம்பி. டர்பனில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரவுக் காவலுக்கு நின்ற ஜூலு ஆண்கள் மீந்துபோன தொலைபேசிக் கம்பியின் வண்ண உறைகளைத் தங்கள் தடியைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருந்தார்கள், அதிலிருந்து கூடை வந்தது. இம்பெங்கே என்பது முதலில் பீர்ப்பானையை மூடப் புல்லிலும் ஓலையிலும் பின்னிய மூடி, அந்த வடிவமே இப்போது வண்ணக் கம்பியில் தட்டாகவும் கிண்ணமாகவும் ஆகிவிட்டது. நடுவில் ஒரு புள்ளியில் தொடங்கிச் சுழன்று சுழன்று வெளியே வரும். எங்கே நிறம் மாறுகிறதோ அங்கே உருவம் பிறக்கிறது.

நான் செய்தது: தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டேன், நடுவிலிருந்து ஒரே கோடாகச் சுழித்துக்கொண்டே போக வேண்டும், பேனாவை எடுக்கலாம் ஆனால் திரும்பிப் போகக் கூடாது. கையில் இருக்கிற ஸ்கெட்ச் பேனாவில் உள்ள நிறம் மட்டும்தான். கம்பிக்காரர்களுக்கும் கிடைத்த நிறம்தானே? முன்கூட்டிப் படம் போடாமல் சுற்றச் சுற்ற மீன் வருகிறதா, வீடு வருகிறதா என்று பார்க்க வேண்டியதுதான். அலுவலக வேலையில் நான் எல்லாவற்றுக்கும் முதலில் மூன்று மாதிரி காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். இதில் மாதிரியே கிடையாது. அந்த சுகம் சொல்லி முடியாது.

அக்காவிடம் ஒரு கேள்வி. கொஞ்ச நாளில் இதுவும் வேலை மாதிரி ஆகிவிடுகிறதே, "இன்றைக்கு வரையவில்லையே" என்று குத்துகிறதே, அதற்கு என்ன செய்வீர்கள்?

தார்ச்சாலை (போர்ட் லூயி) எழுதியது:

எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. யாருக்கும் காட்டாமல், விற்காமல் வரைவது நல்ல மனசுதான், ஆனால் இந்தத் தீவில் படம் வரைந்து பிழைக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், நம்மைத் தேடி யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். விளையாட்டாக வரைந்ததைத்தான் முதலில் வெளியே காட்ட வேண்டும், ஏனென்றால் அதில்தான் நம் முகம் இருக்கிறது. காசுக்கு வரைந்ததில் வாடிக்கையாளர் முகம்தானே இருக்கிறது?

என் கதையைச் சொல்கிறேன். டோடோ வரைந்து வரைந்து எனக்குச் சலித்துவிட்டது. சாவிக்கொத்து, துண்டு, தொப்பி, எல்லாவற்றிலும் அதுதான். செத்துப்போன பறவையையே எத்தனை நாள் வரைவது, பிழைத்து வந்ததை வரைவோம் என்று தோன்றியது. மொரீசியஸ் கெஸ்ட்ரல் வல்லூறு 1974இல் காட்டில் நான்கே நான்குதான் இருந்தது. இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் பத்து வரைக்கும் இறங்கியது. பச்சைக்கிளி வகை ஒன்று, எக்கோ கிளி, அதுவும் அப்படித்தான். இன்றைக்கு இவை எல்லாம் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஈல் ஓ ஸெக்ரெட் தீவுக்குப் போனால் அந்தப் புறாவை நேரிலேயே பார்க்கலாம். நான் வைத்துக்கொண்ட விதி, ஒவ்வொரு பறவைக்கும் ஒரு முழுத் தாள், அது எவ்வளவு குறைந்துபோனதோ அத்தனை பறவை மட்டும்தான் அந்தத் தாளில். நான்கு வல்லூறுக்கு இவ்வளவு பெரிய வெள்ளைத் தாள். அந்த வெள்ளையை நிரப்பாமல் விடுவதற்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

இதை இணையத்தில் போட்டேன். சோப்பு செய்கிற ஒரு சின்ன நிறுவனம் பார்த்துவிட்டு உறைக்கு வரைய அழைத்தது, வாடகை கட்டினேன். இது தப்பா?

மைக்கூடு (ரோஸ் ஹில்) எழுதியது:

தம்பி, தப்பே இல்லை. நான்கு வல்லூறு யோசனை அருமை, அந்தத் தாளை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.

நான் சொல்ல வருவது விற்கக் கூடாது என்று இல்லை. வரைய உட்காரும்போது வாங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். நீங்கள் தாளை வெறுமையாக விட்டீர்களே, சோப்பு நிறுவனம் முதலிலேயே கேட்டிருந்தால் விட்டிருப்பார்களா? "இங்கே கொஞ்சம் செடி போடலாமே" என்று சொல்லியிருப்பார்கள், நீங்களும் போட்டிருப்பீர்கள். காசுக்கு வரையும்போது கை தனக்குத் தெரிந்த வழியிலேயே போகிறது. எனக்குத் தெரிந்த வழி என்ன என்று எனக்கே தெரியும்: பக்கவாட்டு முகம், பெரிய கண், ஓரத்தில் இலை. பல வருஷமாக அதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். தபால்தலை அளவில் இலை போட இடமே இல்லை. அதனால்தான் அந்த அளவை விடவில்லை.

நீலக்கம்பிக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. "தினமும் ஒன்று" என்கிற கணக்கை நான் வைத்துக்கொள்வதே இல்லை. கணக்கு வந்ததும் அது வேலை. அளவு, நிறம், பொருள், இவற்றுக்கு விதி போடுங்கள், நாளுக்குப் போடாதீர்கள். இரண்டு வாரம் தொடாமல் இருந்தாலும் ரப்பர் கோபித்துக்கொள்ளாது.

வெண்கட்டி (கத்ர் போர்ன், மொரீசியஸ்) எழுதியது:

பர்னார்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் ஞாபகப் பிசகாக "போஸ்ட் பெய்ட்" என்பதற்குப் பதில் "போஸ்ட் ஆபீஸ்" என்று செதுக்கிவிட்டார் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள், பள்ளியில் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆராய்ந்தவர்கள் அதை ஏற்பதில்லை. 1848இல் வந்த அடுத்த தலைகளில் வேறு வாசகம் வந்ததால் பின்னாளில் கட்டிய கதை அது. அந்தக் கைவேலைக்காரருக்கு நாம் இந்த மரியாதையாவது தர வேண்டும்.

சரி, என் விஷயம். நான் தமிழ் ஆசிரியை. எங்கள் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள், தமிழ் அவர்களுக்குப் பள்ளியில் ஒரு பாடம். விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து எழுத்தை மிருகமாக்கும் விளையாட்டு விளையாடினோம். ஞ ஒரு பூனை, வால் சுருட்டி உட்கார்ந்திருக்கிறது. ஒ நத்தை ஆனது, ஓ வாலை நீட்டிய நத்தை. கு எப்படியோ எல்லோருக்கும் கொக்காகத்தான் தெரிந்தது. மூன்று சுழி ண எப்போதும் தகராறுதான், ஆனால் ஒரு பையன் அதை மூன்று வளைவு கொண்ட கம்பளிப்பூச்சியாக வரைந்தான், அன்றிலிருந்து இரண்டு சுழியையும் மூன்று சுழியையும் யாரும் குழப்பவில்லை.

அப்புறம் நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் காட்டினேன். நம் தமிழ் அரசியல்வாதி ரங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட தாள். ஆங்கிலத்துக்கு அடுத்ததாகத் தமிழில் எழுதியிருக்கிறது. 1998இல் புதிய தாள்களில் இந்த வரிசையை மாற்றி அச்சிட்டபோது நம் மக்கள் எதிர்த்து நின்றதையும், அந்தத் தாள்களையே திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி அச்சிட வேண்டிவந்ததையும் சொன்னேன். பிள்ளைகள் பூதக்கண்ணாடி வைத்து அந்த எழுத்துகளைப் பார்த்துப் பெரிதாக்கி வரைந்தார்கள். தினமும் கடையில் கைமாறும் தாளில் இவ்வளவு அழகான எழுத்து இருப்பதை அதுவரை அவர்கள் பார்த்ததில்லை.

எனக்கு ஓவியம் தெரியாது. எழுத்தை இப்படி வளைப்பதில் எந்த அளவுக்குப் போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைகள் எழுத்தையே மாற்றிப் பழகிவிடக் கூடாது என்ற பயம் இருக்கிறது.

கோபுரவண்ணம் (திரியோலே, மொரீசியஸ்) எழுதியது:

டீச்சரம்மாவுக்கு வணக்கம். நான் போர்டு எழுதுகிறவன். கடை, லாரி, கோவில் பலகை எல்லாம். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுகிற ஸ்டிக்கர் வந்தபிறகு வேலை குறைந்துவிட்டது, ஆனாலும் கோவில்காரர்கள் இன்னும் கையால் எழுதச் சொல்லி வருகிறார்கள்.

எழுத்து வளைவது தூரிகையால்தான். பட்டைத் தூரிகையை ஒரே சாய்வில் பிடித்துக்கொண்டு கையை மட்டும் நகர்த்தினால் தடிப்பும் மெலிவும் தானாக வரும். சுழியை ஒரே இழுப்பில் போடக் கூடாது. மேலிருந்து இடப்பக்கமாக ஒரு அரைவட்டம், மறுபடி மேலே வந்து வலப்பக்கமாக ஒரு அரைவட்டம், இரண்டும் கீழே சேர வேண்டும். அதற்கு முன்னால் சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி நடுவில் சுண்டினால் நேர்கோடு விழும், அந்தக் கோட்டில் எழுத்து உட்கார வேண்டும். உச்சி வெயிலில் தகரத்தில் எழுதக் கூடாது. தகரம் சூடாக இருந்தால் எனாமல் தூரிகையைப் பிடித்து இழுக்கும், ஓரம் பிசிறும். காலையில் வெயில் ஏறுமுன் அல்லது நாலு மணிக்கு மேல்.

எங்கே நிற்பது என்று கேட்டீர்கள். சுழியைப் பெரிதாக்கலாம், காலை நீட்டலாம், கொம்பைத் தும்பிக்கை ஆக்கலாம். எண்ணிக்கையைத் தொடக் கூடாது. இரண்டு சுழி இரண்டாகவே, மூன்று மூன்றாகவே இருக்க வேண்டும், புள்ளி இருக்கிற எழுத்தில் புள்ளி இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் பாக்கியை எவ்வளவு வளைத்தாலும் வாசிக்கிறவன் வாசித்துவிடுவான்.

பழைய கோவில் பலகைகளில் லை, னை எல்லாம் தும்பிக்கை போட்ட பழைய உருவத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் 1978இல் அதை மாற்றினார்கள், இங்கே பலகை அதற்கு முந்தையது. சில இடத்தில் புதுசாக எழுதச் சொல்கிறார்கள், நான் பழையதை அப்படியே டிரேசிங் எடுத்து வைத்துக்கொண்டுதான் புதுசு எழுதுவேன். இந்தக் கோடையில் அந்த டிரேசிங் எல்லாவற்றையும் எடுத்து ஒரு நோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. நீங்கள் சொல்கிற கணக்கில் இதுவும் சேருமா?

மைக்கூடு (ரோஸ் ஹில்) எழுதியது:

அண்ணா, சேருமா என்று கேட்கிறீர்களே, இந்த இழையிலேயே அதுதான் பெரியது. அந்த நோட்டைத் தயவுசெய்து ஸ்கேன் எடுத்து வையுங்கள். மொக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஓவியப் பிரிவும் இருக்கிறது, தமிழ்ப் பிரிவும் இருக்கிறது. அங்கே யாரிடமாவது காட்டினால் அதன் மதிப்புத் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள்.

லெச்சிமரம் (சேன் அந்த்ரே, ரீயூனியன்) எழுதியது:

வணக்கம். நான் ரீயூனியனில் இருக்கிறேன். தமிழ் வகுப்பில் படிக்கிறேன், அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன்.

எங்கள் தீவில் பழைய கிரியோல் வீடுகளுக்குக் கூரை ஓரத்தில் லாம்ப்ரகேன் இருக்கும். தகரத்திலும் மரத்திலும் வெட்டிய சரிகை. உங்கள் தீவிலும் உண்டு. அது அழகுக்கு மட்டும் இல்லை. மழைத் தண்ணீர் அந்த முனைகளில் துளித் துளியாகப் பிரிந்து சுவருக்கு வெளியே விழும். எல்-பூர் கிராமத்தில் நிறைய இருக்கிறது.

கிறிஸ்துமஸ் நேரம், லெச்சிப் பழக் காலம். நான் தாளை விசிறியாக மடித்து லாம்ப்ரகேன் வெட்டினேன். முதலில் பழைய வீட்டு வடிவம். பிறகு என் பாட்டி கோவிலில் பார்க்கிற வடிவங்கள்: வேல், மாங்காய், தாமரை மொட்டு. இரண்டும் ஒன்றாகப் பொருந்துகின்றன. வேலைத் தலைகீழாக வைத்தால் அப்படியே கூரை முனை. ஜன்னலில் ஒட்டினேன். மாலையில் நிழல் சுவர் முழுக்க வருகிறது. பாட்டி மிகவும் சந்தோஷப்பட்டார்கள்.

நீலக்கம்பி (டர்பன்) எழுதியது:

லெச்சிமரம், உங்கள் தமிழ் நன்றாக இருக்கிறது, நிறைய எழுதுங்கள். கூரை முனையில் வேல்! அதன் வார்ப்புரு இருந்தால் பகிருங்கள், எங்கள் வீட்டு வராந்தாவுக்கு வெட்டப்போகிறேன்.

கியூர்பிப்மழை (கியூர்பிப், மொரீசியஸ்) எழுதியது:

எல்லோரும் தாள் தாள் என்கிறீர்கள், எங்கள் ஊரில் கோடையில் தாளை வைத்துக்கொள்வதே பெரிய பாடு. மேட்டுநிலம், மழை நின்றால் மூடுபனி. நல்ல வாட்டர்கலர் தாளில் பழுப்புப் புள்ளி வருகிறது, பூசினால் அந்த இடத்தில் மட்டும் நிறம் உறிஞ்சிக் கறையாகிறது. வண்ணக் கட்டியிலும் பூசணம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்துபோன பிறகு ஒரு கட்டுத் தாள் முழுக்கப் போய்விட்டது. என்ன செய்கிறீர்கள்?

தார்ச்சாலை (போர்ட் லூயி) எழுதியது:

மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள். நிறம் மாறுகிற சிலிக்கா வாங்கினால் ஈரம் குடித்தது தெரியும், அடுப்பில் மெல்லிய சூட்டில் உலர்த்தி மறுபடி போடலாம். தாளைச் சுவரோரம், தரையோரம் வைக்கவே வைக்காதீர்கள். வண்ணப் பெட்டியை ஈரத்தோடு மூடக் கூடாது, மின்விசிறிக்குக் கீழே திறந்து வைத்து முழுக்கக் காய்ந்தபிறகுதான் மூட வேண்டும். தேன் சேர்த்த வண்ணக் கட்டிகள் நம் காற்றில் காயவே காயாது, பிசுபிசுவென்று நிற்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். புள்ளி விழுந்த தாளை எறிய வேண்டாம். புள்ளியில் ஒட்டுவேலை செய்யலாம், உலர் பாஸ்டல் பூசலாம்.

புயல் எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்கு வந்து வீட்டிலேயே அடைந்து கிடந்த நாளில் நான் புவா ஷெரி தேயிலையைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து அந்தப் புள்ளித் தாளிலேயே மேகம் வரைந்தேன். ஒரு பூச்சு காய்ந்தபின் மேலே இன்னொரு பூச்சு, அப்படியே அடர்த்தி ஏறும். தேயிலைக் கறை வெளிச்சத்தில் நிலைக்காது, அதனால் விற்க முடியாது. அக்கா சந்தோஷப்படலாம், விற்க முடியாத ஒன்றை நானும் வரைந்திருக்கிறேன்.

புதுப்பேனா (வாக்வா, மொரீசியஸ்) எழுதியது:

நான் இன்னும் படிக்கிறேன், ஓவியத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிற கட்டம். உங்கள் எல்லோருக்கும் ஏதாவது தோன்றிக்கொண்டே இருக்கிறது. எனக்கு வெள்ளைத் தாளைப் பார்த்தால் எதுவும் வருவதில்லை. போனில் மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போய்விடுகிறது, பார்த்து முடித்ததும் இன்னும் சோர்வாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

மைக்கூடு (ரோஸ் ஹில்) எழுதியது:

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, மன்னிக்கவும். உங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மால்கம் தெ ஷசால், 1902இல் வாக்வாவில் பிறந்தவர். எழுத்தாளராகப் பெயர் வாங்கி, ஐம்பது வயதைத் தாண்டித்தான் தூரிகையைத் தொட்டார். கியூர்பிப் தாவரத் தோட்டத்தில் ஓர் அசேலியாப் பூவைப் பார்த்தபோது அந்தப் பூ தன்னைத் திரும்பிப் பார்த்தது என்று எழுதியிருக்கிறார். அவருடைய குவாஷ் (அடர்த்தியான நீர்வண்ண) ஓவியங்களைத் தேடிப் பாருங்கள்: பூ, மீன், வீடு, டோடோ. பார்வைக்குக் குழந்தை வரைந்த மாதிரி இருக்கும், ஆனால் ஒரு நிறம்கூடத் தயங்கிப் பூசியதில்லை. அதற்கு அடுத்து நம் நாட்டு ஓவியர் வாக்கோ பேசாக்கின் படங்களைப் பாருங்கள், தடித்த கறுப்புக் கோடு, உள்ளே தட்டையான நிறம். நம் ஊர் வெயிலை இப்படியும் சொல்லலாம் என்று தெரியும். ஆனால் இரண்டையும் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிடுங்கள்.

தோன்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மெட்ரோவில் ஏறுங்கள். ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம்வரை ஒரு படம், கதவு திறந்தால் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டும். முகம் வரையாதீர்கள், முகத்தை உற்றுப் பார்த்தால் அவர்களுக்கும் கூச்சம், உங்களுக்கும் கூச்சம். பையை வரையுங்கள், மடியில் பையைப் பிடித்திருக்கும் கையை வரையுங்கள். சந்தைக்குப் போய்வரும் ஆயாவின் கை பையின் காதை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கும், பள்ளிப் பையன் ஒரு விரலில் தொங்கவிட்டிருப்பான், அலுவலகப் பெண் பையின் வாயை உள்ளங்கையால் மூடியிருப்பாள். இதையெல்லாம் நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, ரோஸ் ஹில்லுக்கும் போர்ட் லூயிக்கும் நடுவில் பார்த்ததுதான்.

ஏழு கறியை எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேனே, அதுவும் இப்படித்தான் தொடங்கியது. காவடி முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது இலையில் ஏழும் விழுந்தன. பரிமாறுகிறவர்கள் எந்தக் கறியை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்தேன். சோறு நடுவில், சுற்றிலும் பூசணி, பலாக்காய், பருப்பு, கீரை, கத்தரி. ஒவ்வொன்றின் குழம்பும் பக்கத்துக் கறிக்குள் மெல்ல ஓடுகிறது, மஞ்சள் போய்ச் சிவப்பைத் தொடுகிற இடத்தில் ஒரு மூன்றாவது நிறம். வாட்டர்கலரில் ஈரத்தின் மேல் ஈரம் பூசும்போது நடப்பதும் அதேதான். வீட்டுக்கு வந்து இலைப் பச்சையை மட்டும் முதலில் பூசிக் காயவிட்டேன். மேலே ஏழு நிறத்தையும் அடுத்தடுத்து ஈரமாகவே வைத்துவிட்டுத் தூரிகையைக் கீழே போட்டேன். எது எங்கே ஓடுகிறதோ ஓடட்டும். கறி என்று யாருக்கும் தெரியாத படங்களும் வந்தன, அவைதான் எனக்கு ரொம்பப் பிடித்தவை.

கோபுரவண்ணம் (திரியோலே) எழுதியது:

புதுப்பேனாவுக்கு ஒரு வார்த்தை. நான் தொழில் கற்றபோது என் குரு ஆறு மாதம் கோடு மட்டும்தான் போடவிட்டார். அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்து வரைவதை விடாதீர்கள். கோவில் கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும், தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் வந்து கோபுரத்துக்கு வண்ணம் பூசுவார்கள். அந்த நேரத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தால் போதும். ஒரு யாளியின் கண்ணைத் திறக்க எத்தனை நிறம் அடியில் போகிறது என்று தெரியும்.

தார்ச்சாலை (போர்ட் லூயி) எழுதியது:

இப்படிச் செய்யலாமா? ஆளுக்கொரு சின்னப் படம், தபால்தலை அளவில், உறையில் போட்டு அனுப்புவோம். மொரீசியஸ், ரீயூனியன், டர்பன். விற்பனை இல்லை, இணையத்தில் ஏற்றுவதும் வாங்கியவர் விருப்பம். யார் யாருக்கு என்று அக்கா சீட்டுப் போட்டுச் சொல்லட்டும். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பலாம்.

வெண்கட்டி (கத்ர் போர்ன்) எழுதியது:

என் திண்ணைப் பிள்ளைகள் சார்பாக நானும். கொக்கும் கம்பளிப்பூச்சியும் வரும்.

லெச்சிமரம் (சேன் அந்த்ரே) எழுதியது:

நானும். லாம்ப்ரகேன் தபால்தலை அளவில் வெட்டுவேன். கடினம், ஆனால் முயற்சி செய்வேன்.

மைக்கூடு (ரோஸ் ஹில்) எழுதியது:

ரொம்ப சந்தோஷம். அளவு பெரிய தபால்தலை அளவுக்குள் இருக்கட்டும், தாளின் கனம் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருந்தால் உறைக்குள் மடங்காது. கியூர்பிப்மழை, உங்கள் படத்தை எண்ணெய்த்தாளில் சுற்றி அனுப்புங்கள். கோபுரவண்ணம் அண்ணா, எனக்கு ஒரே ஒரு பழைய னை வேண்டும், எந்த நிறத்திலும் சரி. சீட்டுப் போட்டு மாதக் கடைசியில் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

புதுப்பேனா (வாக்வா) எழுதியது:

நானும் சேரலாமா? இன்று மெட்ரோவில் போனேன், பக்கத்துக்கு ஒரு பையாக வரைந்துகொண்டு வந்தேன், அதில் ஒன்றைச் சின்னதாக்கி அனுப்பலாம் என்று பார்க்கிறேன். ரப்பர் வெட்டும் கத்தி என்னிடம் இல்லை. உருளைக்கிழங்கில் வெட்டினால் வருமா?

மைக்கூடு (ரோஸ் ஹில்) எழுதியது:

தாராளமாக வரும். பழம் வெட்டும் சின்னக் கத்தியே போதும். பாதியாக வெட்டியதும் துணியில் கவிழ்த்துக் கொஞ்ச நேரம் வையுங்கள், தண்ணீர் வடிந்தால்தான் வண்ணம் பிடிக்கும். குவாஷைத் தண்ணீர் விடாமல் கெட்டியாகத் தூரிகையால் தடவி அழுத்துங்கள். மெல்லிய கோடு வேண்டாம், பையின் உருவத்தை மொத்தமாக வெட்டிக் காதை மட்டும் பேனாவில் போட்டுக்கொள்ளலாம். வெட்டிய கிழங்கு மறுநாள் சுருங்கிவிடும், அன்றைக்கே எல்லாப் பிரதியும் எடுத்துவிடுங்கள். ஓரத்தில் உங்கள் பெயரின் முதல் எழுத்தை வெட்டப்போகிறீர்கள் என்றால் இடவலம் மாற்றி வெட்டுங்கள்.